பச்சை விளக்குப் பெட்டி

9.11.2025, ஞாயிறு

இன்று என் அறையில் இருந்தவர்கள்: மகன் ரவி, மருமகள் மதுமதி, பேரன் அனிருத், ரவியிடம் வேலை பார்க்கும் குணா, நான். ஃபோனுக்குள்ளே கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் தங்கை தாயம்மாள். பின்னால் ஒருத்தரும் "நான் அன்னிக்கு இல்லையே" என்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் பெயரோடு எழுதுகிறேன்.

ஒரு மெஷின் வந்து இறங்கியது. பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன், ஃபேக்ஸ் நான்கும் ஒரே உடம்பில். ரவிக்குப் பிழைப்பே இதுதான். ஆபீஸ்களுக்கு மெஷின் வாடகைக்கு விடுவான், வயர் இழுத்து நெட்வொர்க் போட்டுக் கொடுப்பான். ஹாலில் பிரிண்டர்கள் செருப்புக் கடை மாதிரி அடுக்கிக் கிடக்கின்றன. இடமில்லை. அதனால் என் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, இந்த எருமையை என் தலைமாட்டில் கட்டியாயிற்று.

"ரெண்டு வாரம்தாம்மா. கஸ்டமர் கிடைச்சதும் போயிரும்."

இவன் அப்பா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தபோதும் ரெண்டு வாரம் என்றுதான் சொன்னார். இதே டெல்லியில், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அந்தத் தம்பி நாலு வருஷம் இருந்து தின்றான். போகும்போது என் எவர்சில்வர் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனான்.

குணா பொத்தானை அமுக்கினான். மெஷின் நறநறவென்று பல்லைக் கடித்தது, ஒரு தாளை அரைகுறையாக மென்று நின்றுவிட்டது. "பேப்பர் ஜாம்" என்றான் ரவி, பெரிய டாக்டர் மாதிரி. மூன்று ஆண்பிள்ளைகள் சுற்றி நின்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நான் எல்லாவற்றையும் தாயம்மாளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். சித்திரையில் வாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை. இடது பக்கமும் விழுந்துவிட்டது. ஆனால் பாதி வாயால் சிரிப்பாள். அந்தப் பாதிச் சிரிப்புக்காகத்தான் தினமும் சாயங்காலம் வீடியோ.

கட்டிலுக்கு மேலே வலது கையைக் கவிழ்த்து, இவ்வளவு உயரம் என்று காட்டினாள். அப்படிக் காட்டினால் ரவி என்று அர்த்தம். எனக்கு டைபாய்டு வந்த வருஷம் அவள்தான் அவனை வளர்த்தாள். இவன் தலை நரைத்த பிறகும் அவளுக்கு அந்த உயரம்தான்.

11.11.2025, செவ்வாய்

ஹாலில் ரவிக்குக் கம்ப்யூட்டரில் மீட்டிங். பெரிய கம்பெனிக்காரர்களாம். இங்கே நான் தாயம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு காது மந்தம், கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"ஏட்டி தாயம்மா, உன் செல்லப்பிள்ள சவடாலக் கேட்டியா? ஹண்ட்ரட் பர்சன்ட் கியாரண்டிங்கான்! இங்க என் தலமாட்டுல நிக்குத மிஷினு காலையிலேருந்து பேப்பர மென்னு மென்னு துப்புது!"

அந்தக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். அவன் சிரித்த சிரிப்பு இங்கே வரைக்கும் கேட்டது. டெல்லியில் தமிழன் எங்கே ஒளிந்திருப்பான் என்று யார் கண்டது?

மீட்டிங் முடிந்ததும் ரவி வாசலில் வந்து நின்றான். "கொஞ்சம் மெதுவா பேசும்மா" என்றான். அவ்வளவுதான். கத்தவில்லை. அவன் அப்பாவும் கத்த மாட்டார். கத்துகிற ஆண்பிள்ளையை நான் சமாளிப்பேன்.

12.11.2025, புதன்

வீடியோ போகவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

13.11.2025, வியாழன்

இன்றும் வட்டம். என் ஃபோன் மதுமதி தூக்கிப் போட்ட பழையது. சிம் கிடையாது, வீட்டு வைஃபைதான் அதற்குச் சோறு. ரவியிடம் கேட்டேன். "உன் ரூமுக்கு ரேஞ்ச் வரலம்மா. அந்தப் பெரிய மெஷின் மறைக்குது" என்றான். போன வாரம் வந்த ரேஞ்ச் இந்த வாரம் எங்கே போயிற்று? ஹாலில் போய் நின்று பார்த்தேன். அங்கேயும் வட்டம்தான்.

15.11.2025, சனி

அனிருத்திடம் ஃபோன் கேட்டேன். இருபது வயசுப் பயல், முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தான். "ஜல்தி ஆச்சி, எனக்கு கால் வரும்." தாயம்மாள் வந்தாள். நாலு நாளாக எங்கே போனாய் என்று கையை விசிறிக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவனுடைய சிநேகிதன் கூப்பிட்டுவிட்டான். ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு "ஹான் பாய்" என்று பால்கனிக்குப் போனவன்தான்.

இனி இந்த வீட்டில் யாரிடமும் ஃபோன் கேட்க மாட்டேன். எழுதிவிட்டேன், கேட்க மாட்டேன்.

17.11.2025, திங்கள்

ரவி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வாங்கி வந்து என் கட்டில் பக்கத்துப் பிளக்கில் செருகினான். ரிப்பீட்டராம். ஹாலில் இருக்கிற சிக்னலை வாங்கி மறுபடி இங்கே சொல்லுமாம். பச்சை விளக்கு எரிந்தது.

"இனி பிரச்சினை இருக்காதும்மா."

என்ன திட்டினாலும் பிள்ளை பிள்ளைதான் என்று நினைத்தேன். அந்தப் பெட்டிக்கு விபூதி பூசினேன். முதல் தோசையை அவனுக்கு வைத்தேன், முறுகலாக.

சாயங்காலம் பார்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது. வட்டமும் சுற்றுகிறது.

18.11.2025, செவ்வாய்

"செட் ஆக டைம் எடுக்கும்மா."

தயிரா?

20.11.2025, வியாழன்

தலைமாட்டு எருமை இன்று ஃபேக்ஸ் வாங்கியது. இந்தக் காலத்திலும் ஏதோ ஒரு ஆபீஸ் ஃபேக்ஸில்தான் அனுப்புவேன் என்று அடம் பிடிக்கிறதாம், அவர்களுக்காக டெஸ்ட். கீ... கர்ர்ர் என்று ஒரே ஊளை. பயந்து எழுந்து உட்கார்ந்தேன். குணா சொன்னான், இரண்டு மெஷினும் முதலில் நீ யார், நான் யார், பேசலாமா என்று கேட்டுக்கொள்கிற சத்தமாம் அது. ஹேண்ட்ஷேக் என்று பெயர்.

குணா நம்மூர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த ஜங்புரா மதராசி கேம்ப்பில் பிறந்தவன். இந்த வருஷம் அதை இடித்துத் தள்ளியபின் டெல்லிக் கோடியில் உள்ள நரேலாவிலிருந்து வந்து போகிறான். அவ்வளவு தூரம் பஸ்ஸில் கசங்கி வந்து ஊளைக்குப் பொருள் சொல்கிறான். நல்லது. இரும்புக்குக்கூட பேசுவதற்கு முன் கேட்டுக்கொள்ளத் தெரிகிறது. இந்த வீட்டில் உள்ளதுகளுக்குத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். இது ரேஞ்சும் இல்லை, மண்ணும் இல்லை. மதுமதி வேலை.

22.11.2025, சனி

கேட்டுவிட்டேன். குணா முன்னாலேயே கேட்டேன்.

"நான் சத்தமா பேசுதது ஒனக்குப் பிடிக்கல. அதுக்கு என் ஃபோன என்னமோ செஞ்சு வச்சிருக்க. அப்படித்தான?"

"நான் எதுக்கு அத்தை அதெல்லாம் பண்ணப்போறேன்? எனக்கு அதுல கை வைக்கக்கூட டைம் இல்ல."

"கல்யாணத்தன்னிக்கே தெரியும்ட்டி. எங்க அக்காளுக்கு கைப்பிடி ஒடஞ்ச கப்புல காப்பி கொடுத்தவதான நீ!"

"டீக் ஹை அத்தை. நான்தான் பண்ணினேன். போதுமா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். ரவி ஹாலில் இருந்தான். எல்லாம் கேட்டது அவனுக்கு. ஏதோ மை கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்து, குழந்தையை ஆட்டுகிற மாதிரி குலுக்கிக்கொண்டே இருந்தான். தலை நிமிரவில்லை. மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டானே என்று பரிதாபப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஆனால் அது எனக்கு அன்று தெரியாது என்று அடுத்த வியாழக்கிழமை இந்த இடத்தில் எழுதிச் சேர்க்கிறேன்.

27.11.2025, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எருமைக்குக் கஸ்டமர் வந்துவிட்டார்கள். அனுப்புவதற்கு முன்னால் வைஃபையில் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்றான் குணா. ரவி குர்காவ் போயிருந்தான். ஃபோனில் கேட்டதற்கு மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். அவனுடைய டேப்லெட் மேஜையில் கிடந்தது. மதுமதி எடுத்து, ஹாலில் உள்ள வைஃபை பெட்டியின் ஆப்பைத் திறந்தாள்.

டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் கட்டிலில் உட்கார்ந்ததில்லை.

"அத்தை, இங்க பாருங்க. வீட்டுல இருக்கற எல்லா ஃபோனும் இதுல தெரியும். இது என்னது. இது அனிருத்தோடது. இது மட்டும் கீழ தனியா இருக்கு பாருங்க, 'அம்மா'ன்னு. பாஸ் பண்ணி வச்சிருக்கு. லாஸ்ட் சீன் லெவன்த்."

"பாஸ்னா?"

"நிறுத்தி வைக்கறது. இந்த ஃபோனுக்கு மட்டும் நெட் போகக் கூடாதுன்னு."

"யாரு வச்சா?"

"இந்த ஆப் அவர்கிட்ட மட்டும்தான் இருக்கு அத்தை."

அவள் குரலில் ஒரு வெற்றியும் இல்லை. நானாக இருந்தால் கும்மி அடித்திருப்பேன்.

விரலால் தொட்டாள். என் ஃபோன் டிங் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் தாயம்மாள். தினமும் கூப்பிட்டிருக்கிறாள். பேச்சு வராதவள், தன் மருமகளை அமுக்கச் சொல்லி அமுக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

உடனே அழைத்தேன். எடுத்தார்கள். தாயம்மாள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

28.11.2025, வெள்ளி

"மறுநாள் மீட்டிங் ஒண்ணுக்குத்தாம்மா வச்சேன். அடுத்த மீட்டிங்கும் இருந்துச்சு. அப்புறம் மறந்துட்டேன்."

"நான் வட்டம் சுத்துதுன்னு சொன்னேனே, அப்பக்கூட ஞாபகம் வரலயா?"

கையிலிருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"வந்துச்சு, இல்ல? பொறவு ஏன் எடுத்து விடல?"

"உன்கிட்ட எப்படி சொல்றதுன்னு... நீ ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ. மீட்டிங்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு. நிம்மதியா... சாரிம்மா."

"அப்ப இந்தப் பெட்டி எதுக்குல?"

பிளக்கைப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பூசிய விபூதி அதன் மேல் அப்படியே இருந்தது.

நெட்வொர்க் என்ஜினீயராம். ஊரெல்லாம் கனெக்‌ஷன் கொடுக்கிறவனாம்.

30.11.2025, ஞாயிறு

மூன்று நாளாகத் தாயம்மாள் முகம் கொடுக்கவில்லை. நேற்று உள்ளங்கையால் ஃபோனையே மூடிவிட்டாள். நான் பார்த்தது அவள் ரேகையைத்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் ரத்தம் அது. நானும் இதைத்தான் செய்திருப்பேன், கொஞ்சம் கூடவே.

"நெட்வொர்க் இல்லட்டி" என்றேன். நம்பவில்லை. "ரேஞ்ச் இல்ல, டவர் இல்ல" என்று ரவி சொன்ன பொய்களையே எடுத்துச் சொன்னேன். நம்பவில்லை. எனக்கே என் குரல் அவன் குரல் மாதிரிக் கேட்டது.

மதுமதி செய்தாள் என்றால் அந்த நிமிஷமே நம்புவாள். கைப்பிடி உடைந்த கப் கதையை அவளுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நாக்கு நுனிவரைக்கும் வந்தது. என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாளே என்று நினைத்தேன். விழுங்கிவிட்டேன்.

உள்ளதைச் சொன்னால் என் பக்கம் முகத்தைத் திருப்புவாள், நிச்சயம் திருப்புவாள். ஆனால் படுக்கையில் கிடக்கிறவளுக்கு இருக்கிற ஒரே செல்லப்பிள்ளை அவன்.

2.12.2025, செவ்வாய்

எருமையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிலை மறுபடி ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டது குணாவும் மதுமதியும். வெளியே ஒரே புகை. மலை மந்திர் முருகன் கோயில் கோபுரம் தெரியவில்லை.

4.12.2025, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், "என் ஃபோன ஒருத்தர் வேணும்னே நிறுத்தி வச்சிருந்தாவட்டி தாயம்மா" என்றேன். திரும்பினாள். வலது கையை மலர்த்தி, யார் என்று கேட்டாள். கண்ணாடி போடுகிற மாதிரி விரலை வளைத்துக் காட்டினாள். கண்ணாடி போட்ட மதுமதியா என்கிறாள். நான் வளர்த்த பகை, நான் கேட்காமலே வந்து நிற்கிறது.

"அவ இல்ல."

பிறகு யார்? கை அப்படியே மலர்ந்து நின்றது.

நானும் அவளைப் போலவே கையைக் கவிழ்த்தேன். கட்டிலுக்கு மேலே, இவ்வளவு உயரம் என்று காட்டினேன்.

அவள் என் கையையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. ஃபோனைப் பிடித்திருந்த அவள் மருமகள் "என்ன அத்தை, என்ன?" என்று கேட்டாள். தாயம்மாள் கையை நீட்டி, என் முகம் தெரிகிற இடத்தில் ஃபோன் கண்ணாடியைத் துடைத்தாள்.

14.12.2025, ஞாயிறு

தினமும் பேசுகிறோம். குளிரைப் பற்றிக் கேட்கிறாள், அனிருத்தைக் கேட்கிறாள். கண்ணாடி மாதிரி விரலை வளைத்து மதுமதியைக்கூடக் கேட்டாள். இன்று மதுமதி என் கட்டிலில் உட்கார்ந்து கையாட்டினாள். தாயம்மாள் பாதி வாயால் சிரித்தாள்.

கையைக் கவிழ்த்து இவ்வளவு உயரம் என்று மட்டும் காட்டுவதில்லை. அன்றையிலிருந்து ஒரு தடவைகூட இல்லை.

ரவி சாயங்காலங்களில் வாசல் வரை வந்து நிற்கிறான். உள்ளே வரவில்லை. அந்தப் பச்சை விளக்குப் பெட்டியைப் பிடுங்கட்டுமா என்று நேற்றுக் கேட்டான். இருக்கட்டும், எரியட்டும் என்றேன்.

தாளை மென்ற எருமையை மன்னித்துவிட்டேன். அனிருத் சின்னவன், போகட்டும். எவர்சில்வர் தூக்கைக் கொண்டுபோன கொழுந்தன் செத்துவிட்டான், அவனையும் விட்டுவிட்டேன். உடைந்த கப் விஷயம் இன்னும் பாக்கிதான், ஆனால் அதற்கு அவசரமில்லை.

ஒருத்தனை மட்டும் மன்னிக்க மாட்டேன். ரவிக்குமார்.