மணலில் ஓட்டிக் காட்டணும்

மே 10, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே முதுகு எரிகிறது. அக்கினி நட்சத்திரம். ஜீப்புக்கு ஆயில் பார்த்து, ரேடியேட்டர் நிரப்பி, நாலு டயருக்கும் காற்றுக் கட்டியாக அடித்தாயிற்று.

தங்கச்சி செல்வியின் புருஷன் லீவில் வந்து ஒரு மாதம். நாலு வருஷமாகப் பாலைவனத்தில் டிரைவர். மலை உயரத்துக்கு மணல் மேடு, அதில் ஏறி இறங்குவதுதான் தினமும் வேலை என்பார். அந்தக் கம்பெனிக்கு இன்னும் ஒரு டிரைவர் வேண்டுமாம். ஒரே ஒரு ஆள். 24-ம் தேதி மதுரையில் டெஸ்ட். ஆற்று மணலில் ஜீப் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"ஒங்களுக்காகத்தான் சொல்லி வச்சிருக்கேன் மச்சான். மணல்ல ஓட்ட நான் சொல்லித்தாரேன்" என்றார்.

இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். பதின்மூன்று வருஷம் போடிமெட்டு ஏற்றத்தில் ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டியாயிற்று. நேற்று முதலாளி மகன், மீசை முளைத்து மூன்று வருஷம் ஆகாதவன், என் மகள் முன்னால் "ஏலே, வண்டிய எடுலே" என்கிறான். எடுத்தேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ராஸ்கல். கொச்சிக்குப் போயிருக்கிறார்கள் அப்பனும் மகனும். மாதக் கடைசி வரை வண்டி என்னிடம்.

வாங்க வேண்டியது: போட்டோ ஆறு காப்பி, நீளக் கயிறு, பேன்ட் ஒன்று. வீட்டுக்குக் கொத்தமல்லி.


மே 12, செவ்வாய்

மயிலாடும்பாறைப் பக்கம் ஆறு. சொட்டுத் தண்ணீர் இல்லை. கரைக்குக் கரை மணல், நடுநடுவே காற்று குவித்த மேடு. பதினோரு மணிக்கே ஸ்டீரிங்கைத் தொட முடியவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்தேன்.

இறங்கி ஐம்பது அடி போகவில்லை, பின் சக்கரம் புதைந்தது.

"மிதிங்க மச்சான், நல்லா மிதிங்க! அங்கன நாங்க இப்பிடித்தான்!"

மிதித்தேன். அச்சு வரை உள்ளே. கிளட்ச் கருகின வாடை. கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளை கேட்கிறார்: "மலையில பதிமூணு வருசம் ஓட்டி என்னத்தக் கண்டீக?"

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன். தங்கச்சி புருஷன்.

மணல் அள்ள வந்த டயர் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மாட்டை அவிழ்த்துப் பூட்டி, எங்களை இழுத்துவிட்டார். என் டயரைக் காலால் எத்திப் பார்த்தார்.

"என்னய்யா கல்லு மாதிரி வச்சிருக்கீக? ஆத்துக்குள்ள எறங்குறப்ப காத்தப் பாதி எறக்கிருவோம் நாங்க. கரையேறுனதும் அடிச்சுக்கிருவோம்."

எங்களுக்கு இது தலைகீழ். காற்றுக் குறைந்த டயரோடு மலை ஏறினால் வளைவுக்கு வளைவு உரசி ட்யூப் போய்விடும். அதனால் மலை டிரைவர் எவனும் விடிந்ததும் முதல் வேலையாகக் காற்றைக் கட்டியாக அடிப்பான். நானும் அதையே செய்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கினேன். என் தப்புதான். ஆனால் நாலு வருஷம் மணலில் ஓட்டியவருக்குமா தெரியாது?

கேட்டேன்.

"அங்கன டயரே வேற மச்சான்."


மே 14, வியாழன்

காற்றைப் பாதி இறக்கினேன். ஓடியது! அக்கரை போய்த் திரும்பினேன், ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"தள்ளுங்க, நான் ஒரு ரவுண்டு காட்டுறேன்" என்று மாப்பிள்ளை உட்கார்ந்தார். மூன்று தரம் வண்டி அணைந்தது. "ஒங்க கிளட்ச் சரியில்ல" என்றார். கருகவைத்தது யாராம்? பிறகு துருவித் துருவிக் கேள்வி. எவ்வளவு காற்று இறக்கினீக, செகண்டா தேர்டா, மேட்டில் எந்த இடத்தில் காலைத் தளர்த்தினீக. எல்லாம் சொன்னேன். என்னைச் சோதிக்கிறாராம்.

கழுத்தெல்லாம் வேர்க்குரு. பவுடர் தீர்ந்துவிட்டது.


மே 17, ஞாயிறு

இதுவரை பிடிபட்டது:
காற்று பாதி.
நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்வீல் போட்டு ஒரே கியர். நடுவில் மாற்றக் கூடாது.
மேட்டில் நேராக ஏறணும். சாய்ந்து போனால் கவிழ்க்கும்.
இறக்கத்தில் பிரேக் கூடவே கூடாது. காலை எடுத்தால் போதும், மணலே நிறுத்தும்.

கடைசி ஒன்றுதான் என் சனியன். இறக்கத்தைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. மலையில் பதின்மூன்று வருஷம் உயிரோடு வைத்திருந்த கால். இன்றும் இரண்டு முறை முன்சக்கரம் புதைந்தது. மாப்பிள்ளை ஒரு தரமும் புதையவில்லை. தினமும் பாதி நேரம் அவர்தான் ஓட்டுகிறார், இப்போது நன்றாகவே ஓட்டுகிறார். அப்படியானால் முதல் நாள் ஏன் அப்படி உளறினார்?

செல்வி புளிச்சோறு கட்டித் தந்தாள். "நாலு வருசமா அவுக இதத்தானண்ணே ஓட்டுறாக. ஒனக்காக லீவக் கெடுத்துக்கிட்டு வெயில்ல காயுறாக. அவுக சொல்றதக் கேளு."

கேட்கிறேன் தாயே.


மே 19, செவ்வாய்

கிளட்ச் பிளேட் வாங்க உத்தமபாளையம் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய் எட்டு வருஷம் அந்தப் பாலைவனத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். டெஸ்ட் விஷயம் சொன்னேன்.

"காத்து பாதிக்கும் கீழ எறக்குவோம். மணலு ஒரு வாரத்துல கைக்கு வந்துரும். லெப்ட் ஸ்டீரிங்குதான் பெரும்பாடு. வலது கையில கியர் போடணும்ல, ஆறு மாசம் கை தடுமாறும். ஒங்க மாப்ள சொல்லலியா?"

சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கதை சொல்லும்போதெல்லாம் கியர் போட்டுக் காட்டுவார். நம்ம ஊர் மாதிரி, இடது கையால்.

பஸ்ஸில் போடி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்தேன்.

"அங்கன என்ன வேல பாக்குறீக? நெசத்தச் சொல்லுங்க."

"மெஸ்ஸுல மச்சான். நூறு பேருக்குச் சோறாக்குறேன்."

"லைசென்சு?"

"இங்கன எடுத்தது. அங்கன வண்டியத் தொட விடல."

சோறாக்குவது கேவலமா? அதைச் சொல்லிவிட்டுப் பெண் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். டிரைவர் என்றார். இரண்டு வருஷம் முன்பு போடி பஜார் முழுக்க "என் மாப்பிள்ளை பாலைவனத்துல டிரைவரு" என்று பீற்றிக்கொண்டு திரிந்தது நான். டம்ளரை வைத்த வேகத்தில் டீ அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. நன்றாகத் தெறிக்கட்டும்.

அழுதார். "செல்விகிட்ட மட்டும் சொல்லிராதீக மச்சான். செத்துருவேன்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.


மே 22, வெள்ளி

கடைசிப் பழக்கம். கூப்பிடாமலே வந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். திரும்பும் முன், "ஒரே ஒரு ரவுண்டு குடுங்க மச்சான், ஆசையா இருக்கு" என்றார். பாவம் என்று கொடுத்தேன். பாவமாம்.

பிரேக்குக்கு ஒரு முறைதான் கால் போனது.


மே 24, ஞாயிறு

மதுரை. வெயில் தாங்கவில்லை. ஊருக்கு மேற்கே ஆற்றுக்குள் டெஸ்ட். பதினோரு பேர், எல்லாருக்கும் ஏஜெண்டு கொண்டுவந்த ஒரே ஜீப். "தொணைக்கு வாரேன்" என்று மாப்பிள்ளையும் வந்திருந்தார்.

ஏஜெண்டு ஆள் பேர் வாசித்தான். எட்டாவது என் பேர். ஒன்பதாவது அவர் பேர்.

திரும்பிப் பார்த்தேன். கையில் லைசென்சை எடுத்து வைத்திருந்தார். பதினைந்து நாளாக யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒரே ஒரு எடம்னு தெரிஞ்சுதான?"

"அந்த அடுப்புலயே வெந்து சாகச் சொல்றீகளா மச்சான்?"

பதில் சொல்வதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு முன் ஏழு பேரும் காற்று இறக்காத டயரோடு போய் மேட்டடியிலேயே புதைந்தார்கள். நான் இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பாதி இறக்கினேன். ஏஜெண்டு ஆள் தலையாட்டினான். மேட்டில் நேராக ஏறினேன், அழகாக. உச்சியில் இருந்து பார்த்தால் கீழே அவர் நிற்கிறார், என் காலையே பார்த்துக்கொண்டு. ஆத்திரத்தில் கண் இருட்டியது. இறக்கம். பிரேக்கை மிதித்துவிட்டேன்.

பம்பர் வரை மணல்.

வண்டியை இழுத்து நிறுத்தியதும் அடுத்து அவர். காற்றை இறக்கும் வேலைகூட இல்லை, நான் இறக்கி வைத்தது. ஏறினார், இறங்கினார், வளைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக்கைத் தொடவே இல்லை. எனக்கு இருக்கிற பழக்கம் அவனுக்கு ஏது?

அவனை எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் பக்கத்தில் இடம் இருந்தது. போடி வரை நின்றுகொண்டே வந்தேன்.


மே 25, திங்கள்

புழுக்கம். ஒரு இலை ஆடவில்லை. ஜீப்பைக் கழுவினேன். எங்கே தட்டினாலும் மணல் கொட்டுகிறது.

அவனைத் தெருவில் வைத்துச் சட்டையைப் பிடிக்க வேண்டும். செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். வாக்காவது மண்ணாவது. காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டு தேய்த்ததில் கை தோல் உரிந்துவிட்டது.

பதினோரு மணிக்கு அவளே வந்தாள். தூக்குவாளியில் பாயசம். கண் கலங்கியிருந்தது.

"ஒனக்குக் கெடைக்கலியாமேண்ணே. அவுக ராத்திரி சோறே திங்கல. 'ஒங்கண்ணனுக்கு எம்புட்டோ சொல்லித்தந்தேன், கடைசியில பிரேக்க மிதிச்சுட்டாரு'ன்னு ஒரே வருத்தம். மனசத் தளரவிடாதண்ணே. அடுத்த லீவுல வந்து இன்னும் நல்லாச் சொல்லித்தாரேன்னுருக்காக."

வாய் வரை வந்தது. மெஸ், சோறு, பொய். ஆனால் எதைப் பொய் என்று சொல்வது? போன வாரம் வரை பொய். நேற்று மத்தியானத்திலிருந்து அவன் டிரைவர்தான். ஆக்கிவிட்டது நான்.

தூக்குவாளியை நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.

"சரி ஆத்தா, வரட்டும்" என்றேன்.