வலை கலந்த மண்

2019 செப்டெம்பர் 3
உப்புநீர்க் களப்போர மண் அணையை உயர்த்த அனுமதி வந்துவிட்டது. கற்பிட்டிக் கரையில் கிடக்கும் கிழிந்த நீல நைலோன் வலைகளை விரல் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் கலந்து இறுக்கப் போகிறேன். நூல் பிடித்த மண் எளிதில் கரையாது. அணை போனால் களப்பின் உப்பு எங்கள் ஒரே நன்னீர்க் கிணற்றுக்குள் வரும். 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த இவ்வூரார் பல இடத்தில் தோண்டித் தோற்றுக் கண்டுபிடித்த நீர் அது.

செப்டெம்பர் 10
குவித்த வலையில் பாதியைக் காணோம். வெங்காயப் பாத்திகளுக்கு வேலியாக நிற்கிறது. இவ்வூரில் கழிவென்று ஒரு பொருளே கிடையாது என்று அறிக்கையில் எழுதலாமா?

செப்டெம்பர் 20
ஜும்ஆ முடிந்ததும் மாமா எழுந்தார். என் மனைவி றுமானாவின் வாப்பா, பள்ளிவாசல் நிர்வாக நம்பிக்கையாளர்.
"கொழும்புக் குப்பை இங்க கொட்ட லொறியில வந்தா ஊரே மறிக்கிற. மருமகன் சாக்குல கொண்டு வந்தா மட்டும் பிஸ்மி சொல்லி மண்ணுல கலக்கணுமோ? நாளைக்குக் கிணத்துல என்ன வரும்?"
பின்னாலிருந்து ஒரு குரல்: "நெத்தலி வரும் ஹாஜியார், வலைதான் ஈக்கே!"
வேலை நின்றது. அணை பாதியில். அவர் கேட்டது மடத்தனம் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை.

ஒக்டோபர் 14
மீதி அணையை மாமாவின் ஆட்கள் வெறும் மணலால் முடித்தார்கள். சுத்தமான மணல். சுத்தம் ஈமானில் பாதி என்பது நபிமொழி. மற்றப் பாதியை மழை பார்த்துக்கொள்ளும்.

டிசெம்பர் 5
மழை விடவில்லை. களப்பு அணையின் விளிம்பைத் தொடுகிறது. றுமானா குடம், வாளி, பிரஷர் குக்கர் எல்லாவற்றிலும் நன்னீர் நிரப்புகிறாள்.
"அணை நிக்குமா?"
"என்ட பக்கம் நிக்கும்."
"தண்ணி ஆர்ட பக்கமெண்டு பார்த்தா வரும்?"

டிசெம்பர் 6
மணல் பகுதி சரிந்தது. ஊரே ஓடி வந்து உரச்சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கியது. உரச்சாக்கும் பிளாஸ்டிக்தான் என்று நான் சொல்லவில்லை. அல்லாஹ் எனக்கு அபூர்வமாகத் தரும் பொறுமை. அடுக்க அடுக்க மணல் கரைந்து போனது. இடுப்பளவு நீரில் நின்று மாமா கத்தினார்:
"மருமகன், ஒங்கட அந்த மண் மிச்சம் ஈக்கா?"
இருந்தது.

டிசெம்பர் 9
வலை கலந்த மண் அடைத்ததில் அணை நின்றது. கிணறு இனிக்கிறது. அடுத்த பகுதிக்கும் வலை சேர்க்கச் சொல்லிப் பள்ளியில் அறிவித்துவிட்டார் மாமா. கிணற்றில் என்ன வரும் என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. வெற்றி என்பது இதுதான் போலும்.

டிசெம்பர் 21
றுமானா இறைத்த வாளியில் ஒரு நீல நூல். கிணற்றுக் கயிறும் நீல நைலோன்தான், வருடக்கணக்காய்த் தேய்கிறது.
"ஒங்கட அணையா, எங்கட கயிறா?" என்றாள்.
தெரியாது. என்ன பொறியியலாளன் நான் — தெரியாது! அவ்வளவு மணலைத் தாண்டி நூல் வராது என்கிறது புத்தகம். புத்தகம் இந்தக் கிணற்றில் குடிப்பதில்லை.

டிசெம்பர் 22
மாமாவிடம் நூலைக் காட்டி, வலை சேர்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னேன்.
"எல்லாரும் ஓம் சொன்ன பொறகு ஒங்களுக்கு என்ன வந்த?" என்றார்.
நைலோன் கயிற்றைக் கழற்றிவிட்டு, சந்தையில் தென்னந்தும்புக் கயிறு வாங்கிக் கிணற்றில் கட்டினேன். இனி நூல் வந்தால், அது என்னுடையது.