முள் ஐம்பதில் நிற்கிறது

அன்பு மகனுக்கு, இங்கே நானும் உன் தங்கையும் சுகம், அங்கே நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். என் கண் போன மாதத்தைவிட மோசமில்லை, தேறவும் இல்லை. ஊசியில் நூல் கோக்க முடியாததால் தையல் இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிட்டேன். நீ அனுப்பிய இன்குபேட்டர் பெட்டியில் மறுபடியும் இரண்டு டஜன் முட்டை வைத்து இன்றோடு இருபது நாள். போன முறை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தபால்காரர்கூட, "என்னம்மா, கோழியே இல்லாம குஞ்சு பொரிக்கப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போகிறார். இந்த முறையும் இப்படியே ஆனால் என் கை ராசியில்லாத கை என்று எடுத்துக்கொண்டு, வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன். தங்கையை விடுதியில் சேர்த்துவிடலாம், உன் ஒற்றை அறையில் மூன்று பேர் எப்படிப் படுப்பது? ஈரச் சட்டையோடு வேலைக்குப் போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அம்மா.

அண்ணா, இதுவரை காலையில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இனிமேல் நானே எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். பெட்டிக்குள் எரியும் சின்ன விளக்கு வெளிச்சம்தான் எனக்கு, எழுத்து கோணலாக இருக்கும். அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை. போன முறை முட்டைகளைக் கெடுத்தது நான்.

பெட்டியின் அடியில் தண்ணீர் ஊற்ற இரண்டு பள்ளங்கள் உண்டு. முதல் பதினெட்டு நாள் ஒன்றில் மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஈரப்பதம் காட்டும் முள் நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். முட்டை தன் ஈரத்தில் கொஞ்சத்தை வெளியே விட்டால்தான் குஞ்சு மூச்சுவிட உள்ளே இடம் கிடைக்குமாம். அம்மாவுக்கு அந்த முள் தெரியாது, நான்தான் பார்த்துச் சொல்வேன். ஐந்தாம் நாள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே ஊற்றியதில் இரண்டு பள்ளமும் நிரம்பி முள் எழுபதுக்குப் போய்விட்டது. அடுப்படியிலிருந்து அம்மா, "முள் எங்கடி நிக்குது?" என்றாள். திட்டுவாளே என்று "நாப்பத்தெட்டும்மா" என்றேன். ஒரு நாள் சொன்னதை மறுநாள் மாற்ற வாய் வரவில்லை. அம்மா பக்கத்தில் நின்று தினமும் ஒரு குவளை ஊற்றச் சொல்வாள், நானும் ஊற்றுவேன், முள் இறங்கவே இல்லை. கடைசியில் அவள் ஒவ்வொரு முட்டையாக உடைத்து விரலால் தடவிப் பார்த்தாள். முழுதாக வளர்ந்த குஞ்சுகள், நீரில் ஊறிக் கிடந்தன. "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

இந்த முறை பதினெட்டு நாளும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, நம்பு. ஆனால் அதற்குப் பிறகு ஈரம் கூட வேண்டும், முள் அறுபத்தைந்தைத் தாண்ட வேண்டும். அம்மா, "ரெண்டையும் ரொப்பிட்டு மூடியைப் போடு, இனிமே பொரிக்கிற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றாள். எனக்கு அந்த ஈரக் குஞ்சுகள் கண்ணுக்குள் வந்தன. இரண்டாவது பள்ளத்தில் பாதிதான் ஊற்றினேன். இன்று மதியம் ஒரு முட்டையில் பருப்பளவு ஓட்டை விழுந்தது. அம்மா பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உன்ன மாதிரியே கத்துதுடி சுண்டெலி" என்று சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் சிரித்து. முள் எங்கே என்றாள். அறுபத்தெட்டு என்றேன். முள் ஐம்பதில் நிற்கிறது, அண்ணா.

இப்போது அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள தோல் காய்ந்த பசை மாதிரி பழுப்பாகிவிட்டது. அது குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டால் குஞ்சால் உள்ளே சுழன்று வெளியே வரவே முடியாது. தண்ணீர் ஊற்ற மூடியைத் திறந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும். உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். என்ன செய்வதென்று தெரிந்த ஒரே ஆள் இதோ இரண்டு முழம் தள்ளிப் படுத்திருக்கிறாள். கத்தல் விட்டு விட்டுத்தான் கேட்கிறது. எழுப்பப் போகிறேன்.

எழுப்பி, முள் ஐம்பதில்தான் நிற்கிறது என்று சொல்லிவிட்டேன். அம்மா மூடியைத் தொடவிடவில்லை. காலியான கண் மருந்துக் குப்பியைக் கழுவி, வெந்நீரை ஆற்றி அதில் நிரப்பச் சொன்னாள். பள்ளத்துக்கு நேர் மேலே உள்ள காற்றுத் துளையில் ஒரு ஸ்ட்ராவை நுழைத்து அவள் பிடித்துக்கொண்டாள், நான் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தேன். கை மரத்துப்போகும்வரை. "இப்ப?" என்றாள். அறுபத்திரண்டு என்றேன். "நெசமா?" என்றாள். ஸ்ட்ராவைப் பிடித்தபடியே, "போன தடவையும் இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையை ஆட்டினேன். இருட்டில் அது அவளுக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவள் திட்டவில்லை, அண்ணா. திட்டியிருக்கலாம். வீட்டைக் காலி செய்யும் வரியை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன், "விடியட்டும்" என்றாள். பெரிய எண்ணாகக் காட்டும் கருவி ஒன்று அனுப்பும்படி உன்னிடம் கேட்கவா, அம்மாவே பார்த்துக்கொள்ளலாமே என்றேன். பெட்டியில் காதை வைத்தபடியே, "அதெல்லாம் வேணாம்னு எழுது. இவளே பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

குஞ்சு இன்னும் கத்துகிறது. முள் அறுபத்தைந்து. உண்மையாகவே அறுபத்தைந்து.

உன் தங்கை,
சுண்டெலி