சைவ வீட்டுக் கோழிக்கூடு

என் கோமு அக்காவுக்கு, உன்னை நினைக்காமல் ஒரு நாளும் விளக்கேற்றாத உலகு எழுதுவது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் புறவாசலில் கோழிக்கூடு இருக்கிறது. ஆறு பெட்டை, ஒரு சேவல். மூக்கைச் சுளிக்காதே அக்கா, காரணம் இருக்கிறது.

உன் மகள் குழலிக்கு ஏழு வயதாகிறது. நம் செங்கோட்டை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் அவளை என் மடியில் விட்டுவிட்டுப் போனாய். அத்தான் வாசுதேவநல்லூரில் தன் அம்மாவோடு இருந்து வயலைப் பார்த்துக்கொள்கிறார். மாதம் ஒருமுறை வந்து மகளைப் பார்ப்பார். போன மாசியில் குழலிக்கு இருமல் பிடித்தது. விடவே இல்லை. விலா எலும்பு தெரிய இளைத்துப்போனாள். தென்காசி டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துப் பார்த்தார். "நெஞ்சுல இன்னும் ஒண்ணும் இல்ல. இப்படியே விட்டா வந்துரும். பாலும் முட்டையும் தினம் கொடுங்க" என்றார்.

அதே டாக்டர், அக்கா. உன் காசநோய்க்குச் சொன்னதும் அதே முட்டைதான். அன்று வெளியே வந்ததும் நீ என்ன சொன்னாய்? "செத்தாலும் சாவேன், முட்டை திங்க மாட்டேன். அத்தானுக்கு இது தெரியவே கூடாது, சொல்லிப்புட்டேன்." எனக்குப் பெருமையாக இருந்தது. என் அக்காவின் வைராக்கியம் யாருக்கு வரும் என்று நினைத்தேன். பிறகு உன்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி இரக்கப்பட்டுக் கொடுத்த அவித்த முட்டையை நான்தான் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டேன். மூன்று மாதத்தில் நீ போய்விட்டாய்.

முட்டை தின்றிருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாததுதான் நான்கு வருஷமாக என்னை அரிக்கிறது.

டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடையில் முட்டை வாங்கினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், நாமே கோழி வளர்த்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று இரண்டு பேரும் கூடி முடிவு செய்தோம். எங்கள் புத்தியைப் பார். முட்டையிட்ட கோழி கொக்கரித்து ஊரைக் கூட்டும் என்பதுகூடத் தெரியாத சைவங்கள் நாங்கள்.

"கூடு கட்டித் தாரேன். அது பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாத" என்றார் அவர். இலத்தூரில் தெரிந்தவரிடம் மூங்கில் வாங்கி வந்து, மண்தரையைக் கெட்டிப்படுத்தி, மூங்கிலைப் பிளந்து நாலு பக்கமும் பிளாச்சு அடைத்து, மேலே பனையோலை வேய்ந்தார். ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினோம்.

நம் வீட்டில் ஒரு கூடு இருந்தால் அதை நான் சும்மா விடுவேனா? தினமும் காலையில் கோழிகளைத் திறந்துவிட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அடுக்களையைப் போலச் சாணம் போட்டு மெழுகினேன். வெள்ளிக்கிழமை கூட்டு வாசலில் அரிசி மாவில் கோலமும் போட்டேன். நான் நிமிர்வதற்குள் கோழிகள் கோலத்தைக் கொத்தித் தின்றுவிட்டன. குழலி விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து முடித்து இருமினாள்.

வெயில் இருந்தவரை குறை இல்லை. ஆனியில் குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் தொடங்கியது. மெழுகிய தரை காயவில்லை. கூட்டில் நாற்றம் எடுத்தது. நாற்றம் எடுக்கிறதே என்று நான் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கழுவினேன். ஒரு வாரத்தில் கோழிகள் இறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. மூன்று பெட்டை செத்தன. மற்ற இரண்டும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பாத்துமாதான் வந்து பார்த்தாள். நீ கறிவேப்பிலை கேட்டால் கொத்தாக ஒடித்துக் கொடுப்பாளே, அவள்தான். கூட்டுக்குள் கையை விட்டுத் தரையைத் தொட்டாள்.

"ஏக்கா, இதைக் கழுவவா செய்யுதீங்க?"

"தினமும் கழுவுதேன். சாணம் போட்டு மெழுகுதேன்."

"நல்லா இருக்கு போங்க! கோழி உங்ககிட்ட ஆசாரமா கேட்டுது? அதுக்குக் காஞ்ச தரைல்லா வேணும். ஈரத்துலயே நின்னு நின்னு சீக்கு வந்துட்டு. இனிமே தண்ணியே காட்டாதீங்க. சாம்பலைத் தூவி வாரி எடுங்க, போதும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுத்தம் சுத்தம் என்று பார்த்தே மூன்று உயிரைக் கொன்றிருக்கிறேன். உன் விஷயத்திலும் அதைத்தானே செய்தேன், அக்கா?

அன்றே கூட்டைப் பிரித்தோம். பக்கம் வர மாட்டேன் என்றவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாலு கல் நட்டு, இடுப்பு உயரத்தில் பிளாச்சுகளை விரல் இடைவெளி விட்டு அடுக்கினார். எச்சம் கீழே விழுந்துவிடும். சாரல் அடிக்கிற மேற்குப் பக்கத்தைத் தட்டி வைத்து அடைத்து, கிழக்கே வாசல் விட்டு, மரநாய் நுழையாதபடி பலகைக் கதவு போட்டார். கீழே நான் அடுப்புச் சாம்பலைப் பரப்புகிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாரித் தென்னைக்குப் போடுகிறேன். பாத்துமா நாலு பெட்டை கொடுத்தாள். இப்போது சாயங்காலம் கோழிகளைக் கூப்பிட்டு அடைப்பது யார் தெரியுமா? உன் தங்கை வீட்டுக்காரர்தான். ஒன்று குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு நாள் வழியை மறித்தார். "ஏட்டி உலகு, உங்க வீட்டுலயா சேவல் கூவுது?" என்றார். "ஆமா அண்ணாச்சி, எங்க வீட்டுல கடியாரம் இல்ல" என்றேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

செய்தி வாசுதேவநல்லூருக்கும் போய்விட்டது. ஆடியில் அத்தான் வந்தார். உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகப் புறவாசலுக்கு வந்து கூட்டைப் பார்த்தார்.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன், உலகு. ஊர்ல என்னென்னமோ சொல்லுதாங்க. அம்மா ஒத்தக் கால்ல நிக்கா."

நான் விடவில்லை. "கூட்டிட்டுப் போங்க அத்தான். கோழியையும் சேத்துக் கொண்டு போங்க. தினம் ஒரு முட்டை கொடுப்பேன்னு பிள்ளை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க. இல்லேன்னா அவளை அனுப்ப மாட்டேன். அக்காவுக்கு டாக்டர் சொன்னப்போ நான் முட்டையைக் கொண்டுபோய் வாய்க்கால்ல போட்டேன். இன்னொரு தடவை போட மாட்டேன்."

உனக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் உடைந்துபோயிற்று. நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது.

"கோமுக்குமா சொன்னாரு?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அக்காதான் சொன்னா. நீங்க வெறுத்துருவீங்கன்னு பயந்துட்டா."

அத்தான் அப்படியே துவைகல்லில் உட்கார்ந்தார். "சொல்லியிருந்தா நானே அவிச்சு ஊட்டியிருப்பேனே, உலகு" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உன்னைத் தூக்கிய அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

நாம் யாருக்குப் பயந்தோம், அக்கா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நீ கேட்காவிட்டால் நானாவது கேட்டிருக்கலாமே?

அத்தான் குழலியை விட்டுவிட்டுத் தனியாகத்தான் பஸ் ஏறினார். அம்மாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது புரட்டாசி. குழலிக்கு இருமல் நின்று மூன்று வாரம் ஆகிறது. ஒட்டியிருந்த கன்னம் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது. நிறுத்தாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நேற்று முட்டையை உரித்துக்கொண்டே, "சித்தி, அம்மா இருந்தா இதைத் தின்னுவாளா?" என்று கேட்டாள். "நான் தின்ன வச்சிருப்பேன்" என்று சொன்னேன்.

பொய்தான். ஆனால் இவள் விஷயத்தில் அதைப் பொய்யாக விட மாட்டேன். தெரு பேசட்டும், உன் மாமியார் வந்து நிற்கட்டும், நீயே கனவில் வந்து வேண்டாம் என்று சொன்னாலும் சரி, உன் மகள் தட்டில் முட்டை இருக்கும். உனக்குத் தங்கையாக நான் தோற்றுவிட்டேன். இவளுக்குச் சித்தியாகத் தோற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கை, குழலியின் சித்தி,
உலகம்மாள்