ஏழு கல்லும் முப்பத்தெட்டு வீட்டு எண்ணெயும்

செம்மேடு, கொல்லிமலை
12.6.2002

அன்பு மகள் வித்யாஸ்ரீக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் கீழே ஊரில் அப்பாவும் சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிக்கொண்டு தனியாக ஒரு சுகத்தில் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். புனேயில் மழை பிடித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள், பாப்பாவுக்குத் தலையைத் துவட்டாமல் வெளியே அனுப்பாதே, அதற்குச் சளி பிடித்தால் லேசில் போகாது. மே மாதம் முழுக்க அம்மா ஒரு வரிகூட எழுதவில்லை என்று போனில் கோபித்துக்கொண்டாயாம், அப்பா சொன்னார். காரணம் இருக்கிறது கண்ணு. உன் அம்மா ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டு, விடுதிக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்களா மாட்டார்களா என்று நாள் எண்ணிக்கொண்டு இருந்தேன். பதினோரு வருஷமாக வார்டன் உத்தியோகம் பார்க்கிறேன், இப்படி ஒரு மாதத்தை நான் கண்டதில்லை.

கோடை லீவில் விடுதி காலியாகத்தானே கிடக்கும். கீழே ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தும் தேவராஜ் என்று ஒரு தம்பி, பன்னிரண்டு நாள் வரலாற்று முகாம் நடத்த இடம் கேட்டு வந்தார். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர், நம் விடுதிப் பெண்கள் இருபது பேர், கடைசி நாள் எல்லாருடைய அப்பா அம்மாவும் வந்து பார்க்கும் குடும்ப நாள், இதுதான் திட்டம். நான் முதலில் மூஞ்சியைச் சுளித்தேன், சும்மா கிடக்கிற கல்லைப் பார்க்க முகாமா என்று. அப்புறம் பார்த்தால் ரோட்டோரம் நான் மைல்கல் என்று நினைத்து வருஷக்கணக்காகத் தாண்டிப்போன கல்லில் வில் பிடித்த ஒரு ஆள் நிற்கிறான். சண்டையில் செத்தவனுக்கு வைத்த நடுகல்லாம். அதைக் கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னது நம் கண்ணாயி. உனக்கு அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன், சின்னமுத்து பழனாயி தம்பதியின் மூத்த பெண், தேவனூர் நாட்டுப் பிள்ளை, இந்த வருஷம் பத்தாவது போகிறவள். வாயைத் திறக்காத பிள்ளை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று கால்மணி நேரம் பேசினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கண்ணாயியின் ஊரில் ஒரு வேங்கை மரத்தடியில் ஏழு கற்களை வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். உள்ளங்கை நீளம் இருக்கும், ஒரு முனை கோடாலி வாய் மாதிரி கூராக இருக்கும். இரும்பு வருவதற்கு முன்னால் மனிதர்கள் தேய்த்துத் தேய்த்துச் செய்த கருவி என்று தேவராஜ் சொன்னார். ஏர் ஓட்டும்போது காட்டில் கிடைத்ததை அந்த ஊர்க்காரர்கள் சாமி என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். பூசை செய்வது சின்னமுத்துதான். வயசான பெற்றோரால் அந்த மேட்டில் ஏற முடியாது என்று கேள்விப்பட்டு, குடும்ப நாளுக்குக் கற்களை விடுதிக்கே கொண்டுவருவதாக அவரே சொன்னார். சாமியிடம் பூப்போட்டுக் கேட்டாராம், வெள்ளைப் பூ விழுந்து சம்மதம் கிடைத்ததாம். புது வேட்டி விரித்த முறத்தில் வைத்துத் தலையில் சுமந்து முதல் நாளே கொண்டுவந்து, வார்டனம்மா பாத்துக்கங்க என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நீ இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பாய், அம்மா கையில் ஒரு பொருள் கிடைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கற்கள் கன்னங்கரேல் என்று எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, தொட்டால் விரல் ஒட்டியது. நாளைக்கு அத்தனை பேர் வந்து பார்க்கப்போகிறார்கள், இப்படியா வைப்பது என்று என் மனசு கேட்கவில்லை. தேவராஜ் தம்பிதான் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி நம்பர் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாரே, நானும் அதையே செய்தால் என்ன என்று நினைத்தேன். மறுநாள் அவர் காலை பஸ்ஸில் வரும் பெற்றோரை அழைத்துவரப் போன நேரத்தில், புளியும் சாம்பலும் போட்டு, வெந்நீரில் சீயக்காய் போட்டு, வெண்கலக் குண்டா தேய்ப்பது மாதிரி ஏழையும் தேய்த்தேன். பச்சையும் கறுப்புமாகப் பளபளவென்று வந்தது பார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தோடு விட்டேனா? விடுதித் தட்டு டம்ளருக்கு நம்பர் போடும் சிவப்பு பெயிண்டை எடுத்து ஒன்று முதல் ஏழு வரை அழகாக எழுதியும் வைத்தேன்.

தேவராஜ் வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னமுத்துவும் பழனாயியும் வந்துவிட்டார்கள். சின்னமுத்து சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் திருவிழாவுக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுப்பார்களாம், அவருடைய பாட்டன் காலத்து எண்ணெயும் அந்தப் பிசுக்கில் இருந்ததாம். கொஞ்ச நேரம் கழித்து, “ஏனுங்க, எங்க ஊரு எண்ணெ அத்தனையும் எங்கீங்க போச்சு?” என்று கேட்டார். முற்றத்துச் சாக்கடையில் போய்விட்டது என்று எப்படிச் சொல்வேன்.

பழனாயி உள்ளே போய்க் கண்ணாயியின் தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். லீவு நாளில்கூட யாரும் பெட்டியை எடுத்துப்போவதில்லை, பெட்டி போனால் பிள்ளை திரும்பி வராது என்று அர்த்தம். மறுநாளுக்குள் கண்ணாயியோடு சேர்த்து அந்த ஊர்ப் பெண்கள் மொத்தம் பதினொரு பேரின் பெட்டியும் போய்விட்டது. கண்ணாயிக்கு முறைமாமன் ஒருவன் தயாராக இருக்கிறான், படிப்பு நின்றால் தை மாதத்தில் தாலி ஏறிவிடும். ஆனாலும் உன் அம்மா யார், சுத்தம் செய்தது ஒரு குற்றமா என்று இரண்டு நாள் எல்லாரிடமும் சண்டை போட்டேன். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆபீஸ் மூலம் ஒரு லெட்டர் வாங்கிவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

அப்பாதான் நிலக்கடலைக்குக் களை எடுக்கிற வேலையைப் போட்டுவிட்டு மலை ரோட்டின் எழுபது வளைவும் பஸ்ஸில் குலுங்கி மேலே வந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “நேரா விடுதிக்குள்ள வந்து பொட்டியத் தூக்கிட்டுப் போனவங்ககிட்ட ஆபீஸ் லெட்டரக் காட்டுவியா? போயி ஊர்ல நில்லு” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, ஆனால் போனேன். ஊர்க்கவுண்டர் காளியண்ணன் முன்னால் கூட்டம் கூடியது. அபராதம் எதுவும் கேட்கவில்லை. எண்ணெய் எப்படி வந்ததோ அப்படியே திரும்பி வரவேண்டும், கழுவினவங்களே ஊர் முழுக்க வீடு வீடாகப் போய், செய்ததைச் சொல்லி ஒரு கரண்டி எண்ணெய் கேட்டு வாங்கவேண்டும், இவ்வளவுதான் தீர்ப்பு. முப்பத்தெட்டு வீடு. செருப்பில்லாமல்.

முதல் வீட்டில் கண்ணு, நான் சுகாதாரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். பாப்பாத்தி என்று ஒரு அம்மா, கரண்டியில் எண்ணெயை வைத்துக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள், ஊற்றவில்லை. நான் நின்றேன், அவளும் நின்றாள். கடைசியில் என்னையறியாமல், உங்களைக் கேட்காமல் கழுவிட்டேன் ஆத்தா என்று வந்தது. உடனே ஊற்றிவிட்டாள், உள்ளே கூப்பிட்டுக் காப்பியும் கொடுத்தாள். அதற்கப்புறம் சுகாதாரத்தை நான் பேசவே இல்லை. பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் கால் கொப்பளித்துவிட்டது, ஆனால் சொல்வது சுலபமாகிவிட்டது. ஒரு வீட்டில் பலாச்சுளை கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் என் நம்பர் போட்ட தட்டில்தான் அவர்கள் பெண் சாப்பிட்டு வளர்ந்தாள் என்று சொல்லிச் சிரித்தார்கள். கடைசி வீடு பழனாயியுடையது. அவள் சிரிக்கவில்லை. “கல்லுக்குக் கோவமிருக்காதுங்க. எங்களையும் ஒரு ஆளா நெனச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க” என்று சொல்லி எண்ணெயை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்ணை அனுப்புகிறேன் என்றோ அனுப்பமாட்டேன் என்றோ சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

கற்கள் மரத்தடிக்குப் போய்விட்டன. பெயிண்டை மருந்து வைத்து எடுத்துவிடலாம் என்று தேவராஜ் சொன்னார், சின்னமுத்து வேண்டாம் என்றுவிட்டார், எண்ணெய் ஏற ஏற நம்பர் உள்ளே போய்விடுமாம், ஒரு பத்து வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் அந்த ஊர்ப் பொடிசுகள் நாலாம் நம்பர் சாமிக்குத்தான் சக்தி ஜாஸ்தி என்று பேசிக்கொண்டு திரியும், அதையும் நான் காதில் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த மாதம் மூன்றாம் தேதி விடுதி திறந்தது. காலை பஸ்ஸில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள், அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. மத்தியானமும் இல்லை. நான் கேட்டைப் பார்ப்பதும் அடுப்பைப் பார்ப்பதுமாக இருந்தேன். நாலு மணி சுமாருக்கு ஒற்றையடிப் பாதையில் தகரப் பெட்டி வெயிலில் மின்னியது. ஒன்பது பேர் வந்தார்கள். முன்னால் கண்ணாயி, பின்னால் பெட்டியைச் சுமந்துகொண்டு பழனாயி. இரண்டு பேர் வரவில்லை, அவர்கள் வீட்டுக்கு நாளைக்கு மறுபடியும் போகிறேன். பெட்டியை இறக்கி வைத்த பழனாயி என்னிடம், எங்க வெக்கட்டுங்க என்று கேட்டாள். வழக்கமாக மூன்றாம் அறை என்று விரலை நீட்டுவேன். இந்தத் தடவை, உனக்கு எந்த அறை வேண்டும் சாமி என்று கண்ணாயியைக் கேட்டேன். அந்தப் பிள்ளை மிரண்டுபோய் அம்மாவைப் பார்த்தது.

வித்யா, நாக்கு பழகியிருக்கும்போதே உன்னிடமும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் நீ ராசிபுரத்துக்கு அம்மாயி ஊட்டுக்குப் போயிருந்தாய். கல்லூரிக்கு வரலாறு என்று எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் ஒரு உறையைக் கொடுத்திருந்தாய். அது தபாலில் தொலைந்துபோனது என்று உன்னிடம் சொன்னேன். தொலையவில்லை. நான் கிழித்துப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் என்று வேறு விண்ணப்பம் எழுதி, உன் கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பினேன். இன்று நல்ல வேலையில் இருக்கிறாய், அதைச் சொல்லி இத்தனை வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். முதல் வீட்டில் நான் பேசிய சுகாதாரம் மாதிரிதான் அதுவும். உன்னைக் கேட்காமல் செய்தேன் கண்ணு. அது தப்பு. நீ அழுத அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நூறு வயசு நிறைந்த சுகத்தோடு இருக்க அந்த அறப்பளீஸ்வரர் துணையிருப்பார். கொல்லிமலை மிளகு கால் கிலோ அனுப்புகிறேன், கஷாயத்துக்கு அதையே போடு. வரும் வருஷமும் மே முதல் வாரத்தில் முகாம் இருக்கிறது, குடும்ப நாளும் உண்டு. லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா, டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். டிக்கெட் எடுக்கவில்லை. வருகிறாயா என்று கேட்கிறேன்.

உன் அம்மா,
தாமரைச்செல்வி