பல் தெரியாத சிரிப்பு

பலெர்மோ
14.10.2024

அன்பின் துஷாந்திக்கு,

நான் நல்ல சுகம். நீரும் யதுஷாக்குட்டியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று நெற்றியைச் சுருக்காதையும். இங்கே கால்சா என்ற பகுதியில் ஒரு அமெரிக்கப் படம் எடுக்கிறார்கள். ஹோட்டலில் துடைக்கிற வேலை முடிய, கூட்டத்தில் நிற்கும் ஆட்களில் நானும் ஒருவன். இதைப் பற்றிப் போனில் ஒன்றும் அனுப்பக் கூடாதென்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கடிதத்தைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை.

அமெரிக்கனிடம் எல்லாவற்றுக்கும் ஆள் வேறு. நேற்று வழியில் கிடந்த கதிரையை நகர்த்தினேன். என் நிறத்துக்காகத்தான் கத்துகிறானாக்கும் என்று பயந்துபோகும் அளவுக்கு ஒருவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். இங்கே என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற ஸ்ரனிஸ்லாஸ் அண்ணைதான் விளங்கப்படுத்தினார்: "அதைத் தொடுறதுக்கு எண்டு வேறை ஆள் இருக்கடாப்பா." காலையில் முதல் வேலை, எங்கே வழுக்கும், எது விழும் என்று ஒரு பிரசங்கம். காற்று கொஞ்சம் எழும்பினால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒன்றுதான் மனதுக்குப் பிடிக்கவில்லை. சுற்றிவரக் கமெரா பூட்டிய அறையில் என்னை நிறுத்தி, முகம், நடை எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றினார்கள். பல் தெரியச் சிரிக்கச் சொன்னார்கள். என் உடைந்த முன்பல் உமக்குத் தெரியும்தானே, வாயை மூடிக்கொண்டே சிரித்தேன். அந்த முகத்தை அவர்கள் எந்தக் காலமும் படத்தில் பாவிக்கலாமாம், அதற்கும் ஒரு கையெழுத்து.

அன்புடன்,
சுஜன்

கோப்பாய்
6.11.2024

அன்பின் யதுஷா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தையில் ஒரு கத்தரிக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனிசன், முகத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் ஆமி ஆளைப் படம் பிடித்துக்கொண்டு போனால் பிறகு என்ன நடந்தது என்று நாங்கள் இருவரும் பார்த்தவர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆவணியில் எங்களை அங்கே கூப்பிடுவேன் என்றீர்கள். ஐப்பசியும் முடியப் போகிறது. "அப்பா எப்ப வருவார்?" என்று பிள்ளை கேட்டபடி. படமெல்லாம் போதும்.

துஷாந்தி

பலெர்மோ
3.3.2025

அன்பின் துஷாந்திக்கு,

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நீர் சொல்வது கேட்கிறது. திட்டும். இப்போது ஒரு சீனப் படம், துறைமுகத்தில்.

தொடங்கிய அன்று கமெராவைச் சிவப்புத் துணியால் மூடி, பழமும் முழுப் பன்றியும் படைத்து, டைரக்டர் முதல் சமையல்காரன் வரை ஊதுபத்தி பிடித்துக் கும்பிட்டார்கள். எனக்கும் மூன்று தந்தார்கள். இங்கே கதிரைக்குச் சொந்தக்காரன் இல்லை, பக்கத்தில் நிற்பவன் தூக்குவான். நான் லைட்டும் பிடிக்கிறேன், ஆள் ஏறி நிற்கக் கம்பிச் சாரமும் கட்டுகிறேன். பிரசங்கம் இல்லை. காற்றுக்கும் நிறுத்துவதில்லை. எல்லாருக்கும் ஒரே சோற்றுப்பெட்டி. மனிசரோடு மனிசராக இருக்கிறது, துஷாந்தி.

அவர்கள் நாட்டில் தணிக்கைக்காரர் ஓம் என்றால்தான் படம் வெளிவருமாம். அதனால் முடிவை இரண்டு விதமாக எடுத்தார்கள். ஒன்றில் கள்வன் தப்புகிறான், மற்றதில் பிடிபடுகிறான். இரண்டிலும் நான் செத்துத்தான் கிடக்கிறேன்.

எழும்பியதும் அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை ஓடிவந்து இரண்டு கையாலும் காசு வைத்த சிவப்பு உறை ஒன்று தந்தது. செத்தவனாக நடிப்பவனுக்குக் கொடுப்பது வழக்கமாம். பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். சித்திரைக்கு யதுஷாவுக்குச் சட்டை வாங்கும்.

சுஜன்

கோப்பாய்
20.3.2025

அன்பின் யதுஷா அப்பாவுக்கு,

செத்தவன் வேஷம் போட உங்களைத் தவிர பலெர்மோவில் ஆளில்லையா? வாசித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

உறை வந்தது. சிவப்பு மங்களம்தானே என்று பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிரிக்க மனம் வரவில்லை. நீங்கள் வந்த பிறகு உங்கள் கையால் பிரிப்போம்.

துஷாந்தி

பலெர்மோ
24.3.2025

அன்பின் துஷாந்திக்கு,

மொழிபெயர்க்கிற கியாரா இன்று கேட்டாள், அந்த உறையை என்ன செய்தாய் என்று. வீட்டுக்கு அனுப்பினேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. அது சாவைக் கழித்துவிடக் கொடுப்பதாம். வாங்கிய அன்றே, வீட்டு வாசலை மிதிக்க முன்னம், செலவழித்துவிட வேண்டுமாம். எங்கள் ஆட்களின் புத்தி, கையில் எது கிடைத்தாலும் வீட்டுக்கு அனுப்புவது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எண்டாலும் கடிதம் கண்டவுடன் அதை மிட்டாய்க்கோ பூவுக்கோ கொடுத்துவிடும். போனில் சொன்னால் என்னை வேலைக்குப் போக விடமாட்டீர், அதனால்தான் எழுதுகிறேன். இது வந்து சேரும்போது படம் முடிந்திருக்கும்.

இரண்டு நாளாகத் தெற்குக் காற்று. நாளையன்றைக்குப் பெரிய லைட்டை உயரத்தில் பிடிக்க ஆள் போதாதாம். வாறன் என்று சொல்லியிருக்கிறேன்.

சுஜன்

கோப்பாய்
2.11.2025

அன்பின் யதுஷா அப்பாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதம், உங்களுக்கு எட்டாம் நாள் படைத்த எட்டுச்செலவு அன்று வந்தது. படையலுக்கு முன்னால் இருந்து வாசித்தேன். கம்பிச் சாரம் காற்றில் சரிந்தபோது நீங்கள்தான் மேலே நின்றீர்களாம். உங்களை ஏறச் சொன்னதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் போதாதென்றால் நீங்கள் ஏறுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கதிரைக்காரன் அன்றைக்கு அங்கே நின்று கத்தியிருக்கலாம்.

உறை இன்னும் பிள்ளையாருக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் வைத்திருந்ததால்தானா என்று யாரைக் கேட்பேன்?

நேற்று ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை போனில் அந்த அமெரிக்கப் படத்தின் முன்னோட்டத்தை அனுப்பினார். வெளியே வந்துவிட்டதாம். கால்சாத் தெருவில் நீங்கள் நடந்து வருகிறீர்கள். அதே நடை, இடது தோள் கொஞ்சம் சரிந்தபடி. அப்படி ஒரு காட்சியில் நீங்கள் நடிக்கவேயில்லை என்கிறார் அண்ணை. யதுஷா துள்ளி எழும்பினாள். "அப்பா நடக்கிறார்! ஏனம்மா செத்திட்டார் எண்டு பொய் சொன்னனீங்கள்?"

பிறகு திரும்பி, எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். முழுப் பல்லும் வரிசையாக, வெள்ளையாக. ஒன்றும் உடையவில்லை.

அது நீங்களில்லை. ஆனாலும் பிள்ளை அதற்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

துஷாந்தி