அப்பா எழுந்து நின்ற நாள்

மார்ச் 4, செவ்வாய்
அப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் திரும்ப நாற்காலியில் உட்காரவைக்க முக்கால் மணி நேரம். நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இன்றும் தாமதம். நல்லவேளை, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அரசு அனுப்பும் பராமரிப்பாளர் அக்கா வாரத்தில் ஆறு நாள் வருகிறார். அவர் இல்லையென்றால் என் பிழைப்பு அவ்வளவுதான்.

மார்ச் 11
அப்பா பேப்பரை உரக்கப் படித்தார். "முதியோர் சுமை ஏறிக்கிட்டே போகுதாம். செலவைக் குறைக்கப் போறாங்களாம்." மடித்து வைத்தார். "சுமைன்னா யாரு, நானா?"
டீ ஆறுதுப்பா என்றேன்.

மார்ச் 19
யாருக்கு எத்தனை நாள் ஆள் அனுப்புவது என்று மறுபடி கணக்கெடுக்கிறார்களாம். அதிகாரி வந்தார். சின்னப் பெண். முடியாதவற்றுக்கெல்லாம் புள்ளி, புள்ளி கூடினால் நாளும் கூடும். நேற்றே அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன், முடியாததை முடியாதுன்னு சொல்லுங்க, போதும் என்று.
"சட்டைப் பட்டன் போட முடியுதா ஐயா?"
"ஏன் முடியாது?"
ஐந்தையும் போட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு — இதை எப்படி எழுதுவேன் — மேசையைப் பிடித்து எழுந்தே நின்றுவிட்டார். பக்கவாதம் வந்து ஏழு மாதமாகத் தானாக நிற்காத மனிதர்!
"தினமும் இப்படித்தாம்மா. எனக்கு யார் தயவும் வேண்டாம்."
"பொய்! அவர் சொல்றது பொய்!" நான் கத்திவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பெற்ற அப்பா எழுந்து நின்றதற்கு ஆத்திரப்படும் மகள்.
அதிகாரி போனதும் அப்பா சரிந்தார். தாங்கிப் பிடித்தேன். "யாரைக் கேட்டு எழுந்து நின்னீங்க?"
"ஒரு சின்னப் பொண்ணுகிட்ட, எனக்கு ஒண்ணுக்குக்கூடப் போக முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?"
துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர்.

ஏப்ரல் 2
கடிதம் வந்துவிட்டது. ஆறு நாள் இனி இரண்டு நாள். காரணம்: எழுந்து நிற்கிறார். உடன் மகள் இருக்கிறாள். அந்த மகள் வேலைக்குப் போகிறவள் என்று எழுதப் படிவத்தில் இடமே இல்லையாம்.

ஏப்ரல் 3
தம்பிக்கு போன் போட்டேன். "இவ்ளோ தூரத்துல இருந்துகிட்டு நான் என்னக்கா பண்ண முடியும்? நீதான் கூடவே இருக்கியே."
கூடவே இருந்தது என் குற்றம்.

ஏப்ரல் 9
மேல்முறையீட்டுக்குப் பதில் வரப் பதினான்கு மாதம் ஆகுமாம். எண்பத்தொரு வயது மனிதருக்கு! தனியாக ஆள் வைத்தால் என் சம்பளம் மொத்தமும் அதற்கே போகும்.

ஏப்ரல் 21
வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டேன். இருபத்தாறு வருஷம். "உங்களை மாதிரி ஆள் கிடைக்கவே மாட்டாங்க" என்றார் மேலாளர். இன்று, திங்கட்கிழமையே, கிடைத்துவிட்டார்களாம்.

மே 8
அப்பாவை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்
பராமரிப்பாளர் அக்கா எங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு நாளும் நானும் வேலைக்குப் போகிறேன். அவருடைய துறையில் ஆள் பஞ்சம், அவர்தான் சேர்த்துவிட்டார். மூன்று தெரு தள்ளி ஒரு பெரியவர். குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், கழுவிவிடுகிறேன். இதே வேலைக்கு இங்கே சம்பளம் தருகிறார்கள். அவர் மகள் காலையில் நிம்மதியாக ஆபீஸ் கிளம்புகிறாள்.
இன்று முதுகு துடைக்கும்போது பெரியவர் கேட்டார். "உனக்கு அப்பா இருக்காராம்மா? அவரை யாரு பாத்துக்கறா?"
"ஆள் வருதுங்க" என்றேன்.